மாமாவின் பழைய கேம் நிரல்: உதவி தேவை

வணக்கம் உறவுகளே, ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். காலமான என் மாமா டர்போ சி என்ற பழைய நிரலாக்க மென்பொருளில் எழுதிய கேமின் மூலநிரல் ப்ளொப்பி வட்டுகளில் கிடக்கிறது. மலையக ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. துடைக்காமல் போட்டால் டிரைவின் ஹெட்டும் (வட்டைப் படிக்கும் பகுதி) கெடும். கண்டி, நுவரெலியாப் பக்கம் யாரிடமாவது வேலை செய்யும் 3.5 அங்குல டிரைவ் இருக்கிறதா?

அடுத்தது லைசன்ஸ். இலங்கையில் பதிப்புரிமை எழுதியவர் இறந்த பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும். மாமியும் பிள்ளைகளும் வெளியிடச் சம்மதித்துவிட்டார்கள். உதாரணத்துக்கு, டூம் என்ற பிரபல கேமின் நிரல் 1997இல் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் நிபந்தனையோடு வந்து, 1999இல்தான் ஜிபிஎல்லுக்கு (மாற்றி வெளியிடுபவரும் நிரலைத் திறந்தே தரவேண்டும் என்ற லைசன்ஸ்) மாறியது. அப்போதும் படங்களும் இசையும் அதில் சேரவில்லை. இங்கேயும் நிரல் மாமாவுடையது, இசை வேறு யாருடையதோ. இசையை நீக்கிவிட்டு நிரலை மட்டும் ஜிபிஎல்லில் விடலாமா? எம்ஐடி லைசன்ஸ் போட்டால் யாராவது எடுத்து, மாற்றி, மூடிவைத்துக்கொள்ளலாம்; அதை நான் விரும்பவில்லை. அனுபவமுள்ள அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள்.