உழவாரக் குழுப் பொறுப்பாளர்களிடம் ஒரு கேள்வி

அன்பர்களுக்கு வணக்கம். கோயில்களைச் சுத்தம் செய்யும் எங்கள் ஊர் உழவாரக் குழுவுக்கு என்னைப் பொறுப்பாளராக்கியிருக்கிறார்கள். கோயில் செயல் அலுவலரிடம் அனுமதி வாங்குவது, மண்வெட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சமாளித்துவிடுகிறேன். சிக்கல் வேறு. பொறுப்பு வந்ததும் கையில் பட்டியலும் கைப்பேசியும் ஏறிவிட்டன, உழவாரம் இறங்கிவிட்டது. குனிந்து புல் செதுக்கப் போனால், "ஐயா, நீங்கள் விடுங்கள்" என்று இளைஞர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள். மரியாதைதான், ஆனால் ஆபத்தான மரியாதை. 7ஆம் நூற்றாண்டில் அப்பர் சுமந்த கருவி அந்த உழவாரம். வயதில் மிகச் சிறியவரான சம்பந்தரின் பல்லக்கையே அவர் திருப்பூந்துருத்தியில் தோளில் தாங்கினார் என்கிறது பெரியபுராணம். நமக்கோ நாற்காலி போடுகிறார்கள்!

மடைப்பள்ளிச் சாக்கடையை அள்ளும் வேலை மட்டும் எப்போதும் புதிதாக வந்தவர்கள் தலையில் விழுகிறது. அதை நானே எடுத்துக்கொள்ள நினைக்கிறேன். பணிவைக் காட்சிக்கு வைப்பதுபோல் ஆகிவிடுமோ என்ற தயக்கமும் இருக்கிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? முறை வைத்து மாற்றுகிறீர்களா? அன்றைய மேற்பார்வையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வேலையில் இறங்குவதுண்டா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதுங்கள். வேலையைவிடப் படம் எடுப்பதில் தீவிரமாக இருக்கும் அன்பர்களைப் பற்றி இன்னொரு நாள் கேட்கிறேன்.