ஃபேமிலியோட ஆர்பிஜி (ஒரு கேரக்டரா மாறி கதைக்குள்ள ஆடுற கேம்) விளையாடுறவங்க கொஞ்சம் வாங்க, ஹெல்ப் வேணும்

மக்களே, நானும் தம்பியும் ஹால் டிவில பால்டர்ஸ் கேட் 3ங்குற ஆர்பிஜிய ஸ்பிளிட் ஸ்கிரீன்ல (ஸ்கிரீனை ரெண்டா பிரிச்சு) ஆடிட்டு இருக்கோம், ஒரே பிசி, ரெண்டு கண்ட்ரோலர். 2025ல பேட்ச் 8னு அப்டேட் வந்து கிராஸ்பிளே (வேற வேற மெஷின்ல இருந்தும் சேர்ந்து ஆடுற வசதி) குடுத்ததுல இருந்து மாமா பையனும் அவன் வீட்ல இருந்து பிஎஸ்5ல சேர்ந்துக்குறான். அம்மாவும் வந்து உக்காந்துடுறாங்க, அதனால முதல் வேலையா செட்டிங்ஸ்ல அந்த மாதிரி சீனுக்கான ஆப்ஷனை ஆஃப் பண்ணிட்டேன் 😅. கேம்ல வர்ற 20 பக்க டைஸ்ல 1 விழுந்தா படு ஃபெயில், நாங்க தலைல கை வைக்கிறோம், அம்மா "தாயம் விழுந்துருக்கு, ஏன்டா அழுவுறீங்க"ங்குறாங்க, அவங்களுக்கு எப்படி புரிய வைக்க!

சரி மேட்டருக்கு வரேன். மாமா பையன் வாரத்துல ஒரு நாள்தான் வருவான், சேவ் (ஆட்டம் எதுவரைக்கும் வந்துச்சுங்குற பதிவு) எங்ககிட்ட இருக்கு, அவன் இல்லாதப்ப ஆடுனா அவன் கேரக்டரும் சும்மா கூடவே நிக்குது, கதையும் அவனுக்கு விட்டுப்போகுது, அப்புறம் ஒரே சண்டை. தனியா வேற சேவ் போடலாமா, இல்ல மூணு பேரும் ஒரே டிவில ஆடுற மாதிரி வேற ஆர்பிஜி இருக்கா? இதுல ஸ்பிளிட் ஸ்கிரீன் ரெண்டு பேருக்குத்தான்.

இன்னொண்ணு, சேனல்ல ரிவ்யூ போடலாம்னு இருக்கேன். கதை மொத்தம் மூணு ஆக்ட் (பாகம்), எட்டு மாசமாகியும் நாங்க ரெண்டாவதுலதான் நிக்கிறோம். முடிக்காம ரிவ்யூ போட்டா திட்டுவீங்களா? தம்பிக்கு சண்டைதான் பிடிக்கும், எனக்கு பேச்சு, யாரு சொல்றத எடுத்துக்குறது? இப்படி சேர்ந்து ஆடி ரிவ்யூ பண்ணவங்க சொல்லுங்கப்பா.