ரெண்டு மணி நேர நடைக்கு 5,500 போதாதா?

கணக்குப்பிள்ளை:
"மக்களைத் தேடி மருத்துவம் பெண்களை உறிஞ்சுகிறது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் தன்னார்வலர்களாக வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். என் அம்மாவுக்கு 71 வயது, முட்டி வலி. பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் வரிசையில் நிற்கும் பாடு இன்று இல்லை. தினம் ரெண்டு மணி நேரம் நடப்பதற்கு மாதம் 5,500. இதில் யார் யாரை உறிஞ்சினார்கள்?

கொல்லைப்புறம்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், தம்பி. 29 வருஷம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1994-இல் லாந்தர் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்திருக்கிறேன். ரெண்டு மணி நேரம் என்று உங்களுக்கு யார் சொன்னது? எங்கள் ஊர்த் தன்னார்வலர் காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவாள். தாமதித்தால் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். விட்டுப்போனவர்களைச் சாயங்காலம் பிடிக்க வேண்டும். நடுவில் செயலியில் ஏற்றுகிற வேலை. வீட்டில் சிக்னல் கிடையாது, மாரியம்மன் கோயில் திண்ணையில்தான் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து ஏற்றுவாள். அந்தத் திண்ணை உங்கள் ரெண்டு மணி நேரத்தில் சேர்த்தியா?

கணக்குப்பிள்ளை:
போன மாதம் எங்கள் தெருவுக்கு வந்தவர் 20 நிமிடத்தில் போய்விட்டார். கண்ணால் பார்த்தது. அதனால்தான் சொல்கிறேன், ரெண்டு மணி நேரம்.

கொல்லைப்புறம்:
போஸ்ட்மேன் உங்கள் வாசலில் அரை நிமிடம் நிற்கிறார். அவருக்கு அரை நிமிடச் சம்பளமா?

டீக்கடை பெஞ்சு:
சம்பளம் என்று சொல்லாதீர்கள் அக்கா, ஊக்கத்தொகை. ஆரம்பத்தில் 4,500. சம்பளம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் பி.எஃப். கேட்பார்களே!

நேர்கோடு:
இந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருதே கொடுத்துவிட்டது. இங்கே சிலருக்கு அது கண்ணில் படாது.

டீக்கடை பெஞ்சு:
வந்துட்டார் உடன்பிறப்பு. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியை 12,000 ஆக்கியது 2011-இல் ஜெயலலிதா அம்மா. 2018-இல் 18,000. அதையும் கொஞ்சம் பாருங்கள்.

நேர்கோடு:
2006-இல் 6,000 ஆக்கியது யார்? அந்த 18,000-இல் 4,000 ரூபாய் பெட்டகமாக வருகிறது, கையில் பணமாக இல்லை. முழுசாகச் சொல்லுங்கள்.

டீக்கடை பெஞ்சு:
பெட்டகத்தில் இருப்பது பேரீச்சம்பழம், நெய். அதுவும் வயிற்றுக்குள் போகிறதுதானே.

கொல்லைப்புறம்:
உங்கள் கட்சிச் சண்டையை டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள். யார் 6,000 ஆக்கினாலும், யார் 18,000 ஆக்கினாலும் அந்தப் பெயர்களைப் பதிந்தது செவிலியர்தான். 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று. புதன்கிழமை தடுப்பூசி. கர்ப்பிணியைப் பிக்மி என்கிற அரசுப் பதிவுத் தளத்தில் ஏற்றி எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் பிறப்புப் பதிவின்போது அலைய விடுவார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் என்று பெருமை பேசுகிறோம். அந்தப் பெண்களைப் பின்தொடர்ந்து போய் அழைத்துவந்ததும் பெண்கள்தான். ஒவ்வொரு சீர்திருத்தமும் ஒரு பெண்ணுக்கு வசதி, இன்னொருத்திக்குக் கூடுதல் பதிவேடு. இப்போது பதிவேட்டோடு செயலியும்.

கணக்குப்பிள்ளை:
செவிலியர் கதையை நான் கேட்கவே இல்லை. உங்களுக்காவது அரசுச் சம்பளமும் பென்ஷனும் உண்டு. தன்னார்வலர் பற்றித்தான் பேச்சு. ரெண்டு மணி நேரம்.

கொல்லைப்புறம்:
பென்ஷன் உங்களுக்கு உறுத்துகிறது. கேஸ் மானியம் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் விடவில்லை. "சும்மா இருந்தால் ஏதாவது வரட்டுமே" என்று ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டு, அவள் கேட்டால் தன்னார்வலர் என்கிறீர்கள். கேட்காவிட்டால் ஊழியர் மாதிரி வேலை வாங்குகிறீர்கள்.

நெல்லிக்காய்:
என் தங்கை ஆறு மாதம் அந்த வேலை பார்த்தாள். பிரஷர் மெஷினுக்குப் பேட்டரி தீர்ந்தபோது கைக்காசில் வாங்கினாள். அதை யார் கணக்கில் எழுதுவது?

கணக்குப்பிள்ளை:
பேட்டரி என்ன விலை இருக்கும்?

நெல்லிக்காய்:
இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும்.

கணக்குப்பிள்ளை:
சரி, இன்று காலை கடிகாரம் வைத்தே பார்த்துவிட்டேன். எங்கள் தெருவில் 35 நிமிடம். அதில் பத்து நிமிடம் அம்மாவிடம் பேச்சு. கழித்தால் 25.

கொல்லைப்புறம்:
பேசியது யார்? உங்கள் அம்மாதானே?

கணக்குப்பிள்ளை:
பேசச் சொல்லித் திட்டத்தில் எழுதவில்லை.

கொல்லைப்புறம்:
20 இப்போது 25 ஆயிற்று. மிச்சத் தெருக்களையும் எண்ணிவிட்டு வாருங்கள் தம்பி, காத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
எண்ணினாலும் ரெண்டு மணி நேரத்தைத் தாண்டாது.