பையனின் சைக்கிளுக்கு 500 ரூபாய்க்குள் என்ன பூட்டு வாங்கலாம்?

கூடல்நகர் அம்மா:

மகன் ஏழாவது படிக்கிறான். கியர் இல்லாத 24 இஞ்ச் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பள்ளிக்கு வேனில் போய்விடுவான்; சைக்கிள் சாயங்கால டியூஷனுக்கு மட்டும்தான். டியூஷன் நடப்பது மாடியில், வண்டிகள் நிற்பது கீழே தெருவோரம். மேலே இருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாது. போன வாரம் அங்கே ஒரு பெண்ணின் சைக்கிள் காணாமல் போய்விட்டது. பின்சக்கரப் பூட்டைப் பூட்டித்தான் வைத்திருந்தாள், சாவி இன்னும் அவளிடமே இருக்கிறது.

எங்கள் வண்டியிலும் கடைக்காரர் மாட்டிக் கொடுத்த அதே மாதிரிப் பூட்டுதான். வேறு வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடினால் தலை சுற்றுகிறது. 500 ரூபாய்க்கு மேல் பூட்டுக்குக் கொடுக்க மனசில்லை. பையன் சாவி தொலைப்பதில் மன்னன் என்பதால் நம்பர் பூட்டு நல்லதா? கீழே ஒரு ஈபி கம்பமும், மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியும் இருக்கின்றன.

வைகைக்கரை:

நம்பர் போட்ட கேபிள் பூட்டு வாங்குங்கள், 200 ரூபாய்க்கே கிடைக்கும். என் மகள் அதைத்தான் வைத்திருக்கிறாள். எடையே தெரியாது. ரொம்ப யோசிக்காதீர்கள்.

பூட்டூர்க்காரன்:

வைகைக்கரை சார் கோவித்துக்கொள்ளக் கூடாது. நான் திண்டுக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், அந்தக் கேபிள் பூட்டை நானும் விற்கிறேன். பார்க்கத் தடிமனாக இருக்கும், ஆனால் பெரும்பகுதி பிளாஸ்டிக் உறை. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைச் சாதாரண கட்டிங் பிளேயரே கடித்து எடுத்துவிடும். சாவி தொலைந்தது என்று கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் வெட்டிக் கொடுக்கிறேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

அம்மா, அந்தப் பெண்ணின் பூட்டை யாரும் உடைத்திருக்க மாட்டார்கள். பின்சக்கரப் பூட்டு சக்கரத்தைச் சுற்றவிடாமல் நிறுத்தும், அவ்வளவுதான். பிள்ளைகள் வண்டி பன்னிரண்டு, பதினைந்து கிலோ இருக்கும். தூக்கி ஆட்டோவில் போட்டால் முடிந்தது. இன்னொன்று, மலிவான பின்சக்கரப் பூட்டுகளில் சாவி வகை மிகக் குறைவு. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் இலவச சைக்கிள்கள் ஒரே மாதிரி வரிசையாக நிற்குமே, அங்கே ஒருவர் சாவி இன்னொருவர் வண்டியைத் திறப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் வண்டியை அசையாத ஏதாவது ஒன்றோடு சேர்த்துக் கட்ட வேண்டும். 500 ரூபாய்க்குள் நான் சொல்வது சங்கிலியும் தனிப்பூட்டும்தான். ஹார்ட்வேர் கடையில் 6 மில்லிமீட்டர் சங்கிலி கேளுங்கள். 8 மில்லிமீட்டர் இன்னும் பலம், ஆனால் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஏழாவது படிக்கும் பையன் ரெண்டே நாளில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவான். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி அதற்குள் சங்கிலியை நுழைத்துவிட்டால் பெயிண்டில் கீறல் விழாது, சத்தமும் வராது. டியூப் எந்தப் பஞ்சர் கடையிலும் சும்மாவே கொடுப்பார்கள்.

பூட்டு வாங்கும்போது வளையக் கம்பியில் ‘ஹார்டன்டு’ (கடினமாக்கிய இரும்பு) என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்தது, எனக்கும் பெருமைதான். ஆனாலும் மாங்காய் வடிவில் இருக்கும் எங்கள் மாங்காய்ப் பூட்டைப் பையன் வண்டிக்குச் சொல்ல மாட்டேன். லீவர் வைத்த அந்தப் பூட்டு பீரோவுக்கும் கோடவுனுக்கும் பொருத்தம். சைக்கிளுக்குச் சின்னதாக, வளையம் குட்டையாக இருப்பதே நல்லது. இடைவெளி இருந்தால்தானே கம்பியை விட்டு நெம்ப முடியும்.

ஆங்கில U எழுத்து வடிவில் தடித்த இரும்புக் கம்பி வைத்த யூ பூட்டு எல்லாவற்றையும்விடப் பலம்தான். ஆனால் வளையாது. படிக் கைப்பிடியும் சைக்கிள் பாரும் அதற்குள் ஒன்றாக அடங்குமா என்று அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். நல்லது 500-க்குள் வருவதும் கஷ்டம்.

ரிட்டயர்டு பி.டி. வாத்தியார்:

ஈபி கம்பத்தில் மட்டும் கட்டச் சொல்லாதீர்கள். மழைக்காலத்தில் கம்பத்தில் எப்போது மின்சாரம் கசியும் என்று யாருக்குத் தெரியும். கைப்பிடியே போதும், அதுவும் சுவரில் இறுகப் பதிந்திருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

நம்பர் பூட்டை நான் முழுக்கத் தள்ள மாட்டேன், சாவி தொலைக்கும் பிள்ளைக்கு அதுதான் நிம்மதி. ஆனால் பூட்டில் திருகும் எண் சக்கரம் மூன்று என்றால் மொத்தமே ஆயிரம் எண்கள். வேலையில்லாத பையன் ஒருவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருகியே திறந்துவிடுவான். நான்கு சக்கரம் இருந்தால் பத்தாயிரம். பிள்ளைகள் அவசரத்தில் கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு எண் தள்ளிவிட்டு ஓடுவார்கள். பக்கத்தில் நிற்கும் நண்பனுக்குத் திறக்க அதுவே போதும். பள்ளி ஸ்டாண்டில் நான் பிடித்ததெல்லாம் திருடர்களை இல்லை, ‘சும்மா ஒரு ரவுண்டு’ போக எடுத்தவர்களைத்தான். எல்லாச் சக்கரத்தையும் கலைக்கச் சொல்லிக் கொடுங்கள். பிறந்த தேதி வேண்டாம், வகுப்புக்கே மிட்டாய் கொடுத்த தேதி அது.

அப்புறம், பெடல் அச்சுக்குக் கீழே வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் ஃபிரேம் நம்பர் பொறித்திருக்கும். அதையும் பில்லையும் போட்டோ எடுத்து வையுங்கள். நம்பர் இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போனால் ‘கருப்பு கலர் சைக்கிள் சார்’ என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

கூடல்நகர் அம்மா:

ரொம்ப நன்றி. சங்கிலி என்றே முடிவு செய்துவிட்டேன், அதில் நான்கு சக்கர நம்பர் பூட்டு மாட்டிக்கொள்ளலாமா? எத்தனை அடி வேண்டும்? ஹேண்டிலில் தொங்கவிட்டு ஓட்டலாமா?

பூட்டூர்க்காரன்:

மூன்றடி போதும், முக்கால் கிலோவுக்குள் வரும். முன்சக்கரம், ஃபிரேம், கைப்பிடி மூன்றையும் சேர்த்துச் சுற்றலாம். பூட்டு தரையில் படாமல் மேலே தொங்கட்டும், கீழே கல்மேல் கிடந்தால் சுத்தியலால் அடிக்க வசதியாகப் போய்விடும்.

நம்பர் பூட்டு மாட்டலாம். வாங்கும் முன் வளையத்தை இழுத்துப் பிடித்தபடி ஒவ்வொரு சக்கரமாகத் திருகிப் பாருங்கள், ஏதாவது எண்ணில் ‘டக்’கென்று பிடித்தால் அந்தப் பூட்டு வேண்டாம். சாவிப் பூட்டு என்றால் துவாரம் கீழே பார்த்தபடி பூட்டச் சொல்லுங்கள், மழைத்தண்ணீர் இறங்காது. இறுகினால் பென்சிலைச் சாவியில் தேய்த்துப் போடுங்கள், தேங்காய் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும்.

ஹேண்டிலில் மட்டும் வேண்டவே வேண்டாம். சங்கிலி நழுவி முன்சக்கரக் கம்பிக்குள் போனால் வண்டி அப்படியே நின்று பையன் முன்னால் விழுவான். சீட்டுக் கம்பியில் இறுக்கமாகச் சுற்றி, அதன்மேலேயே பூட்டிக்கொண்டு ஓட்டட்டும்.