எங்கள் ஹட்டி ஃபுட்பால் டீமின் வரலாற்றை எழுத வேண்டும். ஜெர்மனியின் சின்ன ஊர்ச் சங்கங்கள் இதை எப்படிச் செய்கின்றன?

கோத்தகிரி_லெஃப்ட்விங்:

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படகர் கிராமம், எங்கள் ஊர். அப்பா காலத்திலிருந்தே எங்களுக்கு ஒரு ஃபுட்பால் டீம் உண்டு. காந்தி மைதானத்தில் எங்கள் மேட்ச் என்றால் பச்சைத் தேயிலை பறிப்பதை அப்படியே விட்டுவிட்டு ஊரே வந்து நிற்கும். இப்போது பையன்கள் கோயம்புத்தூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள். பதினோரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. கோப்பைகள் ஒரு பெரியவர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அடியில் பொறித்த எழுத்து கறுத்துவிட்டது. எந்த வருஷம், யாரை ஜெயித்து வாங்கியது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முதல் டீமில் ஆடியவர்களில் சிலர்தான் மிச்சம். அவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

வெஸ்டன்பெர்க்ஸ்க்ராய்த் என்ற ஜெர்மன் கிராமத்து அமெச்சூர் டீம் 1994-ல் ஜெர்மனியின் பெரிய டீமான பயெர்ன் மியூனிக்கைத் தோற்கடித்ததாகப் படித்தேன். அதுவும் டீ வியாபாரம் நடக்கும் ஊராம். அங்கே சின்னச் சின்ன ஊர்ச் சங்கங்களுக்குக்கூட நூறு வருஷக் கதை எப்படிக் கையில் இருக்கிறது? யார் எழுதி வைத்தார்கள்? காசு எங்கிருந்து வருகிறது? அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

எர்லாங்கன்_குன்னூரான்:

தம்பி, நான் குன்னூர்க்காரன். பல வருஷமாக எர்லாங்கனில் வேலை. நீங்கள் சொல்லும் ஊர் இங்கிருந்து காரில் கிட்டத்தான். மொத்த ஜனமே சுமார் 1,500 பேர். அங்கே தேயிலைத் தோட்டம் எதுவும் கிடையாது. மார்ட்டின் பவர் என்ற நிறுவனம் புதினா, கெமோமில் மாதிரி மூலிகைகளைப் பதப்படுத்தி டீ கம்பெனிகளுக்கு விற்கிறது. அங்கே பொறுப்பில் இருந்த ஹெல்முட் ஹாக் என்பவர்தான் ஃபுட்பாலையும் தூக்கி நிறுத்தியவர். 1994 ஆகஸ்ட் 14, ஜெர்மன் கோப்பையின் முதல் சுற்று. நடப்பு லீக் சாம்பியன் பயெர்னுக்கு டிராபட்டோனி கோச். ரோலண்ட் ஸ்டைன் போட்ட ஒரே கோல், 1-0. இரண்டே வருஷத்தில், 1996-ல், அந்த ஃபுட்பால் பிரிவு பக்கத்து நகரமான ஃபூர்த்தின் சங்கத்தோடு இணைந்தது. ஃபூர்த் 1914, 1926, 1929 என மூன்று முறை ஜெர்மன் சாம்பியன். ஆனால் அப்போது காசில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. இணைந்த டீம் 2012-ல் ஜெர்மனியின் முதல் நிலை லீகான பண்டஸ்லிகாவுக்கே போனது. இன்றைக்கும் கிராமத்தின் பெயரில் பாதி அந்த டீமின் பெயரில் இருக்கிறது.

ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது இந்தக் கதையை அல்ல. ஜெர்மனியில் சுமார் 24,000 ஃபுட்பால் சங்கங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை எந்தப் பெரிய டீமையும் ஜெயித்ததே இல்லை. அவற்றுக்கும் வரலாறு இருக்கிறது, காரணம் நோட்டுப் புத்தகம். இங்கே டீம் என்றால் பதிவு செய்த சங்கம். உள்ளூர் நீதிமன்றத்தில் பதிவேடு. பதிவுக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். உறுப்பினர் கூட்டம் கூட்டி, என்ன முடிவு எடுத்தோம் என்று எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். கணக்கைச் சரிபார்க்க உறுப்பினர்களிலேயே இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

என் மகன் ஆடும் கிராமத்துச் சங்கத்தில் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். 1950-கள். பந்துக்குள் வைக்கும் பிளாடர் ஒன்று, வலை கட்ட நூல், கோடு போடச் சுண்ணாம்பு, ஒவ்வொன்றுக்கும் எதிரே செலவு. நடுவில் ஒரு வரி: ஆட்டம் முடிந்து ஜெர்சியைத் திருப்பித் தராதவர்களின் பெயர்கள். அந்தப் பெயர்களில் ஒன்று இப்போதைய கோல்கீப்பரின் தாத்தா. ஐம்பது, எழுபத்தைந்து, நூறு வருஷம் நிறையும்போது இந்த நோட்டுகளை வைத்துத்தான் விழா மலர் போடுகிறார்கள். ஊர் பேக்கரியும் பெயின்டரும் விளம்பரம் கொடுத்து அச்சுச் செலவை ஏற்றுக்கொள்கிறார்கள்.

அன்றாடக் காசு உறுப்பினர் சந்தா. ஆடாதவர்களும் கட்டுகிறார்கள், தாத்தா பாட்டி உட்பட. மேட்ச் அன்றைக்கு அம்மாக்கள் கேக் சுட்டுக் கொண்டுவந்து விற்பார்கள். அப்பாக்கள் சாசேஜ் வாட்டுவார்கள். ஜெர்சி மூட்டை வாரம் ஒரு வீட்டில் துவைக்கப் போகும்.

ஆள் குறைந்தால் பக்கத்து ஊரோடு சேர்ந்து ஒரே டீமாக இறங்கலாம். சங்கங்கள் தனித்தனியாகவே இருக்கும், டீம் மட்டும் பொது. இங்கே இப்போது ரொம்ப சகஜம். உங்களுக்கும் இதுதான் வழி என்று நினைக்கிறேன். நம்ம பக்கம் இரண்டு ஹட்டிக்காரர்கள் ஒரே ஜெர்சி போடுவதென்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இங்கேயும் அப்படித்தான் சுளித்தார்கள், டீமே இல்லாமல் போகும் நிலை வந்த பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

அருவங்காடு_கணக்கர்:

பதிவு செய்ய நமக்கும் ஏழு பேர்தான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. பைலா, அதாவது சங்க விதிகள், எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவதில் ஒன்றும் சிரமம் இல்லை. அப்புறம் வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். பல சங்கங்கள் விட்டுவிடுவது அங்கேதான். தலைவர், செயலாளரை விடப் பொருளாளரை யோசித்துப் போடுங்கள். பேங்க் கணக்கு இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும்.

கூடலூர்_ஸ்டாப்பர்:

நான் வரலாற்று வாத்தியார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஜெர்மன் விழா மலர்கள் எல்லாவற்றையும் அப்படியே நம்ப வேண்டாம். பழைய மலர்கள் பலவற்றில் 1933 முதல் 1945 வரை ஒரு பத்திதான் இருக்கும். நாஜிகள் வந்ததும் தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்களைத் தடை செய்தார்கள். எர்லாங்கன் அண்ணனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நியூரன்பெர்க் சங்கம், 1933 ஏப்ரலிலேயே யூத உறுப்பினர்களை நீக்கியது. அந்த நீக்கப்பட்டவர்களின் பெயர்களை இப்போதுதான் பல ஊர்களில் தேடி எழுதுகிறார்கள். பெண்கள் விஷயமும் அப்படித்தான். 1955-ல் ஜெர்மன் ஃபுட்பால் சங்கம் பெண்கள் ஆடத் தடை போட்டது, 1970-ல்தான் எடுத்தது.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஆடிய டீமில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். மேட்சுக்குக் கூப்பிடுவார்கள், கோப்பையோடு போட்டோ எடுக்கும்போது கூப்பிட மாட்டார்கள். அந்த போட்டோ இன்னும் ஒரு கடைச் சுவரில் தொங்குகிறது. அரை இறுதியில் இரண்டு கோலும் போட்டவன் அதில் இல்லை. போட்டோவை மட்டும் பார்த்து எழுதினால் அவன் ஆடவே இல்லை என்றாகிவிடும். தயவுசெய்து பெரியவர்களிடம் போட்டோவில் இல்லாதவர்கள் யார் யார் என்றும் கேளுங்கள்.

கோத்தகிரி_லெஃப்ட்விங்:

ரொம்ப நன்றி அண்ணா, வாத்தியார் சார், எல்லோருக்கும். பக்கத்து ஹட்டியில் என் கூடப் படித்தவன் ஒருவன் இருக்கிறான், டீம் சேர்வதைப் பற்றி அவனிடம் பேச்சுக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோப்பைகளைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்க்கிறோம். எழுத்து தெரிந்தால் போட்டோ போடுகிறேன். எஸ்டேட்டில் இருந்து எங்களுக்கு ஆடியவர்கள் இரண்டு பேர் இப்போது மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார்களாம். முதலில் அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் ஊர்ப் பெரியவர்களிடம் உட்காரப் போகிறேன். அருவங்காடு அண்ணா, விளையாட்டுச் சங்கத்துக்கான பைலா மாதிரி ஒன்று இருந்தால் அனுப்ப முடியுமா?