இரண்டு பயணங்களுக்கு நடுவே மரப்படகு: உள்பக்கமும் ஃபைபர் துணி ஒட்ட வேண்டுமா?

கேள்வி:
ஆறு மாதமாக வீட்டிலேயே ஒரு மரப்படகு கட்டிக்கொண்டிருக்கிறேன். 16 அடி நீளம், டோரி வடிவம் (தட்டை அடி, சரிந்த பக்கங்கள் கொண்ட துடுப்புப் படகு), பக்கப் பலகை 6 மி.மீ. மரைன் பிளைவுட், அடிப்பலகை 12 மி.மீ. ஒரு ஆற்றுப் பயணம் முடிந்து அடுத்தது கிளம்பும்வரை கிடைக்கிற சனி, ஞாயிறுகளில்தான் வேலை. பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூலைகளில் மரத்தூள் கலந்த எபாக்ஸியை (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பிசின்) வழித்துப் பூசி, வெளிப்பக்கம் முழுக்க ஃபைபர் துணியும் (கண்ணாடி இழைத் துணி) ஒட்டியாகிவிட்டது. அடுத்த பயணத்துக்கு இன்னும் 5 வாரம்தான். இந்த முறை ரப்பர் ராஃப்டை விட்டுவிட்டு இதிலேயே போய்விட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. இரண்டு சந்தேகம். உள்பக்கமும் துணி ஒட்டியே ஆக வேண்டுமா, இல்லை எபாக்ஸி மட்டும் பூசினால் போதுமா? அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் (பின்முனை) போட வேண்டிய மேல்தளத்தை இந்தப் பயணம் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா?

பதில் 1:
உள்பக்கம் கட்டாயம் ஒட்டுங்கள். பாறை வெளியிலிருந்து இடிக்கும்போது பலகை உள்நோக்கி வளைகிறது, அப்போது வெளிமுகம் நசுங்கும், உள்முகம் இழுபடும். ஃபைபர் துணி இழுவையைத்தான் நன்றாகத் தாங்கும், அதனால் வெளியே ஒட்டியது பெரும்பாலும் உராய்வுக்கு, பலகை பிளக்காமல் காப்பது உள்ளே ஒட்டுவதுதான். என் முதல் படகில் உள்ளே எபாக்ஸி மட்டும் பூசிவிட்டு இறக்கினேன். ஒரு பாறையில் பக்கவாட்டில் போய் மோதியது. கரைக்கு இழுத்துப் பார்த்தால் வெளியே ஒரு கீறல்தான், உள்ளே பிளைவுட் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து கிடந்தது.

வாரம் ஒருமுறை வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பல எபாக்ஸிகளில் காய்ந்ததும் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். உப்புத்தாள் போடுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரும் நாரும் வைத்து அதைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும், கழுவாமல் உப்புத்தாள் போட்டால் படலம் பரவி, அடுத்த பூச்சு பிடிக்காமல் உரியும். துணி ஒட்டிய அன்றைக்கே, பிசுபிசுப்பு இருக்கும்போதே அடுத்தடுத்த பூச்சையும் கொடுத்துவிட்டால் இந்தக் கழுவல், தேய்ப்பு இரண்டுமே மிச்சம், ஒட்டும் பலமாக இருக்கும். ஒரு வாரம் இடைவெளி விட்டால்தான் வேலை இரட்டிப்பாகிறது.

பதில் 2:
மேல்தளம் இல்லாமல் இறக்காதீர்கள். இதில் நான் கறாராகவே சொல்கிறேன். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. 16 அடிப் படகு திறந்து கிடந்தால் ஒரே பெரிய அலையில் அவ்வளவும் உள்ளே வந்துவிடும், அதற்கப்புறம் நீங்கள் எவ்வளவு துடுப்பு போட்டாலும் படகு திரும்பாது, ஆறு இழுக்கிற பாறைக்குத்தான் போகும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து மெக்கென்சி ஆற்றின் திறந்த டோரியை 1960-களில் கொலராடோ ஆறு ஓடும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோன படகோட்டி மார்ட்டின் லிட்டனும் மேல்தளம் போட்டு, காற்றுப் புகாத அறைகளாக அடைத்துத்தான் ஓட்டினார். சாமான் வைக்க இடம் என்பது உபரிதான், கவிழ்ந்தாலும் மிதக்க வைப்பது அந்த அறைகள். கரையில் நிறுத்தும்போது மூடிகளைத் திறந்து வையுங்கள், ஈரம் உள்ளேயே நின்றால் பலகை அழுகும்.

துடுப்புத் தாங்கிக்குத் துளை போடும்போது நேராக மரத்தில் போல்ட்டை முறுக்கிவிடாதீர்கள். துளையைப் பெரிதாகப் போட்டு, கெட்டி எபாக்ஸியால் அடைத்து, இறுகியதும் நடுவில் மறுபடி துளையிடுங்கள். தண்ணீர் பிளைவுட்டுக்குள் நுழைவதே பெரும்பாலும் இப்படிப்பட்ட துளைகளிலும் வெட்டு விளிம்புகளிலும்தான்.

பதில் 3:
இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் அதையெல்லாம் 5 வாரத்தில், அதுவும் 10 நாள் வேலையில் முடிக்க முடியாது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். எபாக்ஸி ஒரே இரவில் கையில் ஒட்டாமல் ஆகிவிடும், முழு பலம் வரப் பல நாள் ஆகும், குளிரில் இன்னும் அதிகம். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரை (பிசினை இறுக வைக்கும் திரவம்) அளவுக்கு மேல் கூட்டினால் பலவீனமாகத்தான் போகும். அப்புறம் பெயின்ட் வேறு இருக்கிறது, வெயிலில் வெறும் எபாக்ஸி கெட்டுப்போகும். இந்தப் பயணத்துக்கு ராஃப்டையே எடுத்துப் போங்கள்.

மரம் தாங்குமா என்ற பயம் மட்டும் வேண்டாம். எமரால்ட் மைல் என்ற மர டோரி பாறையில் மோதி நொறுங்கிப்போனதுதான், கிராண்ட் கேன்யன் படகோட்டி கென்டன் க்ரூவா அதை மறுபடி கட்டி எழுப்பினார். 1983 வெள்ளத்தில் மூன்று பேர் அதே படகில் கிராண்ட் கேன்யனின் 277 மைலை 36 மணி 38 நிமிடத்தில் கடந்தார்கள். உடைந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைக்க முடிகிறதே, அதுதான் எனக்கு மரத்தில் பிடித்த விஷயம்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. படித்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ஒரு டன் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு வாதாட ஒன்றும் இல்லை. ராஃப்டிலேயே போகிறேன். இந்தச் சனிக்கிழமை உள்பக்கத் துணியையும் மூன்று பூச்சையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்கிறேன், மேல்தளம் பயணத்திலிருந்து திரும்பிய பிறகு. அதுவும் முடிந்ததும் அசையாத தண்ணீரில் இறக்கி, வேண்டுமென்றே கவிழ்த்து, தனி ஆளாக நிமிர்த்த முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆற்றுக்கு. கவிழ்ந்தால் பிடித்து இழுக்க அடிப்பக்கம் குறுக்கே கயிறு கட்டியிருப்பவர்கள் அதை எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள் என்று சொன்னால், மேல்தளம் அடிக்கும்போதே அதற்கான வளையங்களையும் பொருத்திவிடுவேன்.