லெகோவில் குதிரை ஈட்டிப் போட்டி: இரண்டு பேர் விளையாடும்படி எப்படிக் கட்டுவது?

செங்கல்தச்சன்:
நண்பர்களே, இடைக்கால ஐரோப்பாவின் குதிரை ஈட்டிப் போட்டியை லெகோவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். அலமாரியில் வைத்துப் பார்க்க இல்லை, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து விளையாட. நடுவில் தடுப்பு, இரண்டு பக்கமும் டைல் பதித்த பாதை, தடுப்புக்கு அடியில் ஒரு 40 பல் கியர், அதன் இருபுறமும் பல் வைத்த பட்டை, பட்டைக்கு ஒரு குதிரை. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் கிட்டத்தட்ட 16 குமிழ் (பிரிக்கின் மேலுள்ள புடைப்பு; அதைத்தான் அளவாகச் சொல்கிறேன்) தூரம் ஓடுகின்றன. ஓட்டம் அருமையாக இருக்கிறது. ஆனால் ஈட்டிகள் ஒன்றும் செய்யாமல் அருகருகே கடந்துபோகின்றன. ஈட்டியை நீளமாக்கிப் படவைத்தாலும் வீரர் விழுவதில்லை, குதிரையோடு சேர்ந்து பாதையை விட்டே எகிறுகிறார். என்ன செய்யலாம்?

பழங்கவசம்:
உங்கள் வீரர் ஈட்டியை நேராகப் பிடித்திருப்பார் என்று நினைக்கிறேன். நிஜப் போட்டியில் தடுப்பு இடது பக்கம், ஈட்டி வலக்கையில். அதைக் குதிரையின் கழுத்துக்கு மேலே குறுக்காக இடப்பக்கம் சாய்த்துத்தான் பிடிப்பார்கள். எதிராளியின் கேடயம் பக்கவாட்டில் 6 குமிழ் தள்ளி இருக்கிறது என்றால், 30 டிகிரி சாய்வுக்கு ஈட்டி 12 குமிழ் நீளம் வேண்டும்.

லெகோவின் சின்ன மனித உருவங்களின் கை தோளில் மேலும் கீழும்தான் அசையும், இப்படிச் சாயாது. அதனால் வீரரையும் பிரிக்கிலேயே கட்டுங்கள். அடியில் 2x2 பிரிக், அதை உட்காரவைக்க நடுவில் ஒற்றைக் குமிழ் உள்ள பிளேட் (பிரிக்கில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தட்டைத் துண்டு). வேண்டிய கோணத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம், பிடிப்பும் குறைவு, நல்ல அடி பட்டால் வீரர் மட்டும் பின்னால் சாய்ந்து விழுவார். ஒரு விஷயம்: அடி பட்டதும் அவர் அந்தக் குமிழ் மேலேயே சுழன்று தப்பித்துவிடுவார், அதனால் இடுப்பு ஓரத்தில் ஒரு பிளேட் உயரத்துக்குத் தடை வையுங்கள். அதற்கு மேல் உயர்ந்தால் விழவே மாட்டார்.

பல்சக்கரம்:
மேலே சொன்னது சரி, ஆனால் அதைச் செய்தாலும் இது விளையாட்டு ஆகாது. ஒரே கைப்பிடியை ஒருவர் சுற்றினால் மற்றவருக்கு என்ன வேலை?

கைப்பிடியை எடுத்துவிடுங்கள், கியரை மட்டும் எடுக்காதீர்கள். ஒவ்வொரு குதிரைக்குப் பின்னாலும் நீளமான ஆக்சில் (அச்சுத் தண்டு) ஒன்று பாதையின் முனைக்கு வெளியே வரட்டும், ஆட்டக்காரர் அதைப் பிடித்துத் தள்ளட்டும். கியர் இரண்டு பட்டைகளையும் பிணைத்திருப்பதால் யார் எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் இருவருக்கும் ஒரே வேகம், மோதல் எப்போதும் நடுவில்தான். கை பலத்தில் ஜெயிக்க முடியாது. அப்புறம் அதே ஆக்சிலைத் திருகவும் முடிய வேண்டும்: குதிரைக்குள் அதன் நுனியில் ஒரு குட்டைக் கை, அது ஈட்டியின் அடிமுனையைத் தூக்கினால் நுனி தாழும், விட்டால் உயரும். தலைக்கவசமா கேடயமா என்று ஓட்டத்தின் கடைசி நொடி வரை ஆட்டக்காரர் மனம் மாற்றலாம், எதிராளிக்கு அது தெரியாது. எனக்கு இதில் முக்கியமே இந்தத் திருகல்தான், மற்றதெல்லாம் அலங்காரம்.

பழங்கவசம்:
அருமை! இதற்குப் புள்ளிக் கணக்கும் தயாராகவே இருக்கிறது. இங்கிலாந்தில் 1466இல் ஜான் டிப்டாஃப்ட் என்ற பிரபு எழுதிய போட்டி விதிகளில், சேணத்துக்கும் தலைக்கவசம் மார்புக்கவசத்தோடு இணையும் இடத்துக்கும் நடுவே ஈட்டியை முறித்தால் ஒன்று, அதற்கு மேலே முறித்தால் இரண்டு. எதிராளியைக் குதிரையிலிருந்து தள்ளினால் பரிசுக்கு அவரே முதல் உரிமைக்காரர். குதிரையை அடித்தவருக்குப் பரிசே கிடையாது. ஈட்டியை 1x1 உருண்டை பிரிக்குகளை அடுக்கிக் கட்டினால் பக்கவாட்டு அடியில் தானே முறியும். முனையில் ஒரு குட்டி டயரை மாட்டுங்கள், கேடயத்தில் வழுக்காது. அந்தக் காலத்தில் இதற்காகத்தான் மழுங்கிய ஈட்டிகளின் நுனியில் கிரீடம் போல முளைகள் வைத்தார்கள்.

செங்கல்தச்சன்:
திருகும் ஆக்சில் எனக்குத் தோன்றவே இல்லை, இருவருக்கும் நன்றி. கேடயமும் தெறித்து விழுந்தால் நன்றாக இருக்குமா?

பழங்கவசம்:
கட்டாயம் செய்யுங்கள். பேரரசர் மாக்சிமிலியன் காலத்து ஜெர்மன் போட்டிகளில் ஒரு வகையில் அடி பட்டால் கேடயம் ஸ்பிரிங் விசையில் பறந்துபோகும். உங்களுக்கு ஒரு ரப்பர் பேண்டும், கேடயத்தைப் பிடித்து நிறுத்த ஒற்றைக் குமிழும் போதும். ஆனால் முதலில் வீரர் ஒழுங்காக விழுகிறாரா என்று பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது இடறுகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.